பள்ளிப் பிள்ளைகளைச் சென்னைக் கோளரங்கக் காட்சிக்கு அழைத்துப் போக: ஒரு நாள் பயணத்துக்கு முழுமையான வழிகாட்டி

பள்ளிச் சுற்றுலா என்றாலே நம் ஊர்ப் பக்கம் ஒரு பட்டியல் தயாராக இருக்கும். காலையில் வண்டலூர், மதியம் கோளரங்கம், சாயங்காலம் மெரினா, நேரம் இருந்தால் ஒரு மால். நேரம் ஒருபோதும் இருக்காது. கோளரங்கத்துக்குப் போய்ச் சேரும்போது காட்சி தொடங்கி, கதவு மூடியிருக்கும். அடுத்த காட்சி ஆங்கிலத்தில் என்பார்கள். பிள்ளைகள் பாதித் தூக்கத்தில் அதைப் பார்த்துவிட்டு வருவார்கள்.

இந்த வழிகாட்டி அந்தப் பட்டியலுக்கு எதிரானது. ஒரு காட்சிக்காகப் போகிறோம். மற்ற எல்லாமே அந்தக் காட்சி நேரத்தைச் சுற்றித்தான் அமைய வேண்டும். சென்னையிலிருந்து 100 முதல் 150 கி.மீ. தூரத்தில் உள்ள பள்ளிகளை மனத்தில் வைத்து எழுதுகிறேன். எடுத்துக்காட்டுக்கு வந்தவாசியை எடுத்துக்கொள்கிறேன். உங்கள் ஊர் செய்யாறாகவோ ஆரணியாகவோ இருந்தால் பாதை மாறும், கணக்கு மாறாது. திருச்சியைச் சுற்றி இருப்பவர்கள் சென்னைக்கு வர வேண்டியதே இல்லை. அங்கேயே அண்ணா அறிவியல் மையத்தில் கோளரங்கம் இருக்கிறது.

எந்த இடம், என்ன காட்சி

கோட்டூர்புரத்தில், காந்தி மண்டபம் சாலையில், தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மையத்தின் வளாகத்துக்குள் இருக்கிறது பிர்லா கோளரங்கம். 1988-இல் திறந்தது. உள்ளே 15 மீட்டர் விட்டமுள்ள அரைக்கோளக் கூரை, அதுதான் திரை. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து அண்ணாந்து பார்க்க வேண்டும். ஒரு காட்சிக்கு இருநூற்றுச் சொச்சம் பேர் உட்காரலாம்.

அதே வளாகத்தில் அறிவியல் காட்சிக்கூடங்கள், வெளியே ஒரு அறிவியல் பூங்கா, தனிக் கட்டணத்தில் முப்பரிமாணப் படம் எல்லாம் உண்டு. பக்கத்திலேயே அண்ணா நூற்றாண்டு நூலகம். கொஞ்சம் தள்ளி கிண்டி சிறுவர் பூங்கா. ஒரு முழு நாளுக்கு இந்த வட்டாரம் தாராளமாகப் போதும். வேறெங்கும் பஸ்ஸைத் திருப்ப வேண்டாம்.

நாள் குறிப்பது

வடகிழக்குப் பருவமழை நவம்பரிலும் டிசம்பர் முதல் பாதியிலும் என்ன செய்யும் என்று சென்னைக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். அந்த மாதங்களை விட்டுவிடுங்கள். பொங்கல் வாரம் வேண்டவே வேண்டாம். காணும் பொங்கல் கூட்டம் கிண்டி வரை வந்து நிற்கும். பொங்கல் முடிந்து பிப்ரவரி நடுப்பகுதி வரை நல்ல காலம். வெயில் ஏறியிருக்காது, பொதுத் தேர்வு நெருக்கடியும் தொடங்கியிருக்காது. வானம் தெளிவாக இருக்கும். அது எதற்கு உதவும் என்று பின்னால் சொல்கிறேன்.

வாரத்தில் எந்த நாள்? வெள்ளிக்கிழமையை முதலில் அடித்துவிடுங்கள். வெள்ளி மாலையில் சென்னையில் பாதிப் பேர் சொந்த ஊருக்குக் கிளம்புவார்கள். நீங்களும் அதே ஜி.எஸ்.டி. சாலையில்தான் (சென்னையிலிருந்து தெற்கே போகும் நெடுஞ்சாலை) திரும்ப வேண்டும். பெருங்களத்தூரைத் தாண்டுவதற்குள் பிள்ளைகள் அழ ஆரம்பித்துவிடுவார்கள். சிறுவர் பூங்காவுக்கும் போக எண்ணினால் செவ்வாய் ஆகாது, அன்று பூங்காவுக்கு விடுமுறை. புதனும் வியாழனும்தான் என் தேர்வு. சனிக்கிழமையும் ஆகும், ஆனால் குடும்பக் கூட்டம் இருக்கும்.

முதல் வேலை: காட்சியைப் பதிவு செய்வது

பஸ் பேசுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். பெரும்பாலோர் தலைகீழாகச் செய்கிறார்கள். பஸ்ஸை ஒரு தேதிக்குப் பேசி முன்பணம் கொடுத்துவிட்டு, பிறகு கோளரங்கத்தைக் கூப்பிட்டால், அன்று மூன்று பள்ளிகள் ஏற்கெனவே பதிந்திருக்கும்.

ஒரு மாதத்துக்கு முன்பே தொலைபேசியில் பேசி, பள்ளியின் லெட்டர்பேடில் தலைமையாசிரியர் கையெழுத்து, முத்திரையோடு கடிதம் அனுப்பிவிடுங்கள். பள்ளிக் குழுவாக வருகிறவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு. அதற்கும் இந்தக் கடிதம்தான் ஆதாரம். அசல் ஒரு பிரதியைப் பயண நாளிலும் கையில் வைத்திருங்கள்.

பேசும்போது கேட்க வேண்டியவை: அன்றைக்குத் தமிழ்க் காட்சி எத்தனை மணிக்கு, எதைப் பற்றிய காட்சி, எவ்வளவு நேரம் ஓடும். தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் தனித்தனி நேரம் என்பதால் முதல் கேள்வியைத் தெளிவாகக் கேளுங்கள். கூட வரும் ஆசிரியர்களுக்குச் சீட்டு வேண்டுமா? பணம் ரொக்கமா, வேறு வழியா? பஸ்ஸை எங்கே நிறுத்துவது? கட்டிக்கொண்டு வரும் சாப்பாட்டை எங்கே உட்கார்ந்து சாப்பிட அனுமதிப்பார்கள்? கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. மதியம் 1 மணிக்கு நாற்பத்தைந்து பொட்டலங்களை வைத்துக்கொண்டு நடைபாதையில் நிற்கும்போதுதான் நினைவு வரும். பேசியவரின் பெயரையும் தேதியையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பயணத்துக்கு இரண்டு நாள் முன்னால் இன்னொரு முறை கூப்பிட்டு உறுதி செய்யுங்கள். கருவிப் பராமரிப்புக்காகக் காட்சி நிறுத்தப்பட்டிருந்தால் அப்போதாவது தெரியும்.

நான்காம் வகுப்புக்குக் கீழே உள்ள பிள்ளைகளை இந்தப் பயணத்துக்குக் கூட்டிப் போகாதீர்கள் என்பது என் கருத்து. இருட்டு பயமுறுத்தும், காட்சியின் பேச்சு புரியாது, பஸ்ஸில் ஆறு மணி நேரம் தாங்காது. ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை சரியான பருவம்.

அனுமதி, காகிதம்

அரசுப் பள்ளி என்றால் தலைமையாசிரியர் வழியாகக் கல்வி அலுவலகத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும், காட்சி பதிவான அன்றே கடிதத்தை நகர்த்துங்கள். பெற்றோர் சம்மதக் கடிதத்தில் வெறும் கையெழுத்து மட்டும் வாங்காமல், பிள்ளைக்கு வலிப்பு, ஆஸ்துமா, ஒவ்வாமை ஏதும் உண்டா, என்ன மருந்து, பஸ்ஸில் வாந்தி வருமா, அன்று முழுக்க எடுக்கக்கூடிய இரண்டு செல்போன் எண்கள் எவை என்று கேட்டு எழுதி வாங்குங்கள். வாந்திக் கேள்விக்கு வெட்கப்பட்டு 'இல்லை' என்று எழுதுவார்கள். வகுப்பிலும் ஒரு முறை தனியாகக் கேட்டுவிடுங்கள்.

பெயர்ப் பட்டியல் மூன்று பிரதி: ஒன்று பள்ளியில், ஒன்று பொறுப்பாசிரியர் கையில், ஒன்று பஸ்ஸில்.

பஸ்

சுற்றுலா அனுமதி உள்ள வண்டிதானா என்று பார்த்து, பெர்மிட், எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று), இன்சூரன்ஸ், டிரைவரின் லைசென்ஸ் நான்கையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளி வண்டியிலேயே போவதாக இருந்தால், வெளியூர்ப் பயணத்துக்குத் தனி அனுமதி வாங்க வேண்டுமா என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். முந்தின இரவு வேறு சவாரிக்குப் போய் வந்த டிரைவரை மறுநாள் அதிகாலை உங்கள் வண்டியில் உட்கார விடாதீர்கள். 'அதெல்லாம் பழக்கம் சார்' என்பார். வண்டி பேசும்போதே இதை நிபந்தனையாக வையுங்கள்.

வாடகையைக் கிலோமீட்டர் கணக்கில் விடாமல், டீசல், டோல், பார்க்கிங், டிரைவர் படி எல்லாம் சேர்த்து ஒரே தொகையாகப் பேசி எழுதி வாங்குவது நல்லது. பாட்டு ஒலிபெருக்கி பெரிதாக இருக்கிறது என்று பெருமை பேசும் வண்டியைவிட, எல்லாச் சன்னலும் ஒழுங்காகத் திறக்கும் வண்டி மேல்.

ரயில் ஆகாதா என்று கேட்கலாம். அரக்கோணம், திருவள்ளூர்ப் பக்கம் இருப்பவர்கள் சென்ட்ரலில் இறங்கி, எதிரே பார்க் டவுனில் பறக்கும் ரயில் பிடித்துக் கோட்டூர்புரத்தில் இறங்கலாம். பிளஸ் ஒன், கல்லூரி மாணவர்களுக்கு இது நல்ல வழி, செலவும் சொற்பம். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேரைக் காலை நேர மின்சார ரயிலில் ஏற்றி இறக்குவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

பணக் கணக்கு

பஸ், நுழைவுச் சீட்டு, காட்சிச் சீட்டு, காலை மதியச் சாப்பாடு, தண்ணீர், முதலுதவி, இவற்றின் மேல் பத்தில் ஒரு பங்கு கைச்செலவு. இதைத் தலைக்கு வகுக்கும்போதுதான் கணக்கு உதைக்கும். எல்லாம் சேர்ந்து 27,000 ரூபாய் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 45 பேர் பெயர் கொடுத்திருந்தால் தலைக்கு 600 என்று அறிவித்துவிடுவோம். கடைசி வாரத்தில் ஐந்து பேர் காய்ச்சல், கல்யாணம் என்று நின்றுவிடுவார்கள். பஸ் வாடகை குறையாது. அதனால் 40-ஆல் வகுத்து 675 என்று வாங்குங்கள். மிஞ்சினால் திருப்பிக் கொடுக்கலாம். குறைந்தால் மறுபடி கேட்க முடியாது.

கட்ட முடியாத பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் இருப்பார்கள். அவர்கள் பெயர் வகுப்பில் வெளியே வரக் கூடாது. பெற்றோர் ஆசிரியர் கழகத்திலோ பள்ளி மேலாண்மைக் குழுவிலோ முன்கூட்டியே சொல்லி வைத்தால் நான்கைந்து பேருக்கான தொகை கிடைத்துவிடும். ஊரில் மளிகைக் கடை வைத்திருக்கும் பழைய மாணவர் ஒருவர் கட்டாயம் இருப்பார். பணம் வசூலிப்பதை வகுப்பில் வைத்துக்கொள்ளாமல், பெற்றோரிடம் நேரடியாக வாங்கினால் யார் கட்டினார், யார் கட்டவில்லை என்று பிள்ளைகளுக்குத் தெரியாது.

கைச்செலவுக் காசுக்கு ஒரு வரம்பு வைத்து எல்லோருக்கும் அதையே சொல்லுங்கள். நூறு ரூபாய் போதும்.

போவதற்கு முன் ஒரு மாலை: பள்ளி மைதானத்தில் வானம்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். கோளரங்கத்தில் கூரை இருண்டு நட்சத்திரங்கள் தெரிந்ததும் எல்லாப் பிள்ளைகளும் 'ஓ' என்று கத்துவார்கள். கத்தி முடித்த பிறகு என்ன பார்ப்பது என்று தெரிந்தவர்களுக்குத்தான் காட்சி. மற்றவர்களுக்கு அது குளிர்சாதன அறையில் ஒரு குட்டித் தூக்கம்.

பயணத்துக்கு நான்கைந்து நாள் முன்னால், ஜனவரிக் கடைசியிலோ பிப்ரவரி தொடக்கத்திலோ, மாலை 7.30 மணிக்குப் பிள்ளைகளை மைதானத்துக்கு வரச் சொல்லுங்கள். விளக்கை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் சும்மா உட்கார வையுங்கள், கண் இருட்டுக்குப் பழக வேண்டும். தலைக்கு மேலே சின்னக் கொத்தாக ஆறேழு நட்சத்திரங்கள் தெரியும். அதுதான் கார்த்திகை. அதற்குக் கிழக்கே ஆரஞ்சு நிறத்தில் ரோகிணி. இன்னும் கிழக்கே மூன்று நட்சத்திரங்கள் நேர்வரிசையாக நிற்கும், ஓரியன் என்ற வேட்டைக்காரன் வடிவ நட்சத்திரக் கூட்டத்தின் இடுப்புக் கச்சை. அதன் வடக்குப் பக்கத் தோளில் சிவப்பாகத் திருவாதிரை.

இந்தப் பெயர்களை எல்லாப் பிள்ளைகளும் கேட்டிருப்பார்கள், வீட்டுக் காலண்டரில், ஜாதகத்தில், கோயில் அர்ச்சனையில். 'என் நட்சத்திரம் ரோகிணி சார்' என்று ஒரு குரல் வரும். அந்த ரோகிணி வானத்தில் விரல் நீட்டிக் காட்டக்கூடிய ஒரு பொருள் என்பது அன்றைக்குத்தான் அவர்களுக்குத் தெரியும். ரோகிணியின் ஒளி நம்மை வந்துசேர ஏறக்குறைய 65 ஆண்டுகள் ஆகும். தாத்தா சின்னப் பையனாக இருந்தபோது கிளம்பிய வெளிச்சம். கார்த்திகையின் ஒளிக்கு 440 ஆண்டுகள். இவ்வளவு சொன்னால் போதும், ஒளியாண்டு என்றால் என்ன என்று கரும்பலகையில் எழுதிப் போட வேண்டியதில்லை.

அடுத்து வடக்கே திரும்புங்கள். துருவ நட்சத்திரம் வந்தவாசியில் அடிவானத்திலிருந்து பன்னிரண்டரை டிகிரி உயரத்தில்தான் இருக்கும், ஏனென்றால் வந்தவாசியின் அட்சரேகையே அவ்வளவுதான். கையை நீட்டி முஷ்டி மடக்கினால் முஷ்டியின் அகலம் சுமார் 10 டிகிரி. அடிவானத்தில் முஷ்டியை வைத்து, அதற்குக் கொஞ்சம் மேலே பார்க்கச் சொல்லுங்கள். மரமோ கட்டடமோ மறைத்தால் இடம் மாறி நில்லுங்கள். எல்லோரும் துருவ நட்சத்திரம் என்றால் உச்சியில் பளிச்சென்று இருக்கும் என்று நினைத்திருப்பார்கள். அது இவ்வளவு தாழ்வாக, இவ்வளவு மங்கலாக இருப்பது அவர்களுக்கு ஏமாற்றம்தான், ஆனால் மறக்காது. சென்னையின் அட்சரேகை 13 டிகிரி. ஆகவே கோளரங்கக் கூரையில் சென்னை வானத்தைக் காட்டும்போது துருவ நட்சத்திரம் எங்கே இருக்க வேண்டும் என்று அவர்களையே சொல்லச் சொல்லி, அங்கே போய்ச் சரிபார்க்கும் வேலையைக் கொடுத்து அனுப்புங்கள்.

முந்தின நாள்

பத்துப் பேருக்கு ஒரு குழு, குழுவுக்கு ஒரு ஆசிரியர். மாணவிகள் இருந்தால் ஆசிரியைகள் குறைந்தது இருவர். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு எண். பெயர் கூப்பிட்டு ஆஜர் எடுப்பதைவிட 'ஒன்று, இரண்டு, மூன்று' என்று அவர்களே சொல்லிக்கொண்டு போவது பல மடங்கு வேகம், எந்த எண் விட்டது என்பதும் உடனே தெரியும். வகுப்பில் இரண்டு முறை பழக்கிவிடுங்கள். சீருடைதான் உடை. சென்னைக் கூட்டத்தில் நம் பிள்ளைகளைத் தூரத்திலிருந்தே அடையாளம் காண அதைவிட நல்ல வழி இல்லை.

ஆசிரியரின் செல்போன் எண்ணை ஒரு சீட்டில் எழுதி ஒவ்வொருவர் பையிலும் போடுங்கள். தொலைந்துபோனால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: நின்ற இடத்திலேயே நிற்பது. தேடிக்கொண்டு போகக் கூடாது. சீருடைப் போலீஸையோ அங்குள்ள காவலாளியையோ பார்த்தால் சீட்டைக் காட்டலாம். 1098 குழந்தைகள் உதவி எண், 108 ஆம்புலன்ஸ், 112 எல்லா அவசரத்துக்கும். ஆசிரியர்களுக்கும் இவை மனப்பாடமாக இருக்கட்டும்.

சாப்பாடு: மதியத்துக்குப் புளிசாதம். வேறு யோசனையே வேண்டாம். அதிகாலை கட்டியது மதியம் வரை கெடாது, வாழையிலையில் கட்டினால் மணமும் போகாது. தயிர்சாதம் பஸ்ஸின் சூட்டில் புளித்துவிடும். தேங்காய்ச் சட்னியும் அப்படியே. தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு வறுவல் அல்லது துவையல். காலைக்கு இட்லி, மிளகாய்ப்பொடி எண்ணெய் தடவி. வாந்தி வருகிற பிள்ளைகளுக்கு இரண்டோடு நிறுத்துங்கள். அவர்களை முன் இருக்கைகளில் உட்கார வைத்து, கையில் ஒரு எலுமிச்சம்பழமும் ஒரு கவரும் கொடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மாத்திரை என்றால் பெற்றோர் கொடுத்தனுப்பியது மட்டும். இருபது லிட்டர் கேன் இரண்டு, ஒவ்வொருவரிடமும் ஒரு பாட்டில். முதலுதவிப் பெட்டியில் சானிட்டரி நாப்கினும் இருக்க வேண்டும், அது ஆசிரியையிடம் இருக்கிறது என்பது மாணவிகளுக்குத் தெரிந்திருக்கவும் வேண்டும்.

பயண நாள்: காட்சி நேரத்திலிருந்து பின்னோக்கி

உங்களுக்குக் கிடைத்த தமிழ்க் காட்சி நண்பகல் 12 மணிக்கு என்று கொள்வோம். 11.40-க்கு வரிசையில் நிற்க வேண்டும். அதற்கு முன் 11.20-லிருந்து கழிப்பறை, நாற்பத்தைந்து பேர் போய்வர இருபது நிமிடம் ஆகும், ஒரு நிமிடம் குறையாது. காட்சிக்கூடங்களுக்கு ஒரு மணி நேரம் என்றால் 10.20-க்கு உள்ளே நுழைந்திருக்க வேண்டும். சீட்டு, எண்ணிக்கை, வரிசை எல்லாவற்றுக்கும் 20 நிமிடம். ஆக 10 மணிக்குக் கோட்டூர்புரம்.

வந்தவாசியிலிருந்து சென்னை 100 கி.மீ.க்குச் சற்று மேல். சோத்துப்பாக்கம் வழியாக மேல்மருவத்தூர் வந்து ஜி.எஸ்.டி. சாலையைப் பிடித்தால் செங்கல்பட்டு வரை தடையில்லை. பரனூர் டோலுக்கு அப்பால்தான் சோதனை. கூடுவாஞ்சேரி, வண்டலூர், பெருங்களத்தூர், தாம்பரம், பிறகு குரோம்பேட்டை, பல்லாவரம். அத்தனை சிக்னலும் அலுவலக நேரத்தில். தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கத்திப்பாரா தாண்டி சர்தார் படேல் சாலையில் போய்க் காந்தி மண்டபம் சாலையில் திரும்ப வேண்டும். ஆகவே காலை 6 மணிக்குப் பஸ் நகர வேண்டும், பிள்ளைகள் 5.30-க்குப் பள்ளியில் இருக்க வேண்டும்.

அந்த 5.30-ஐ வீணாக்காதீர்கள். பிப்ரவரித் தொடக்கத்தில் அந்நேரம் இன்னும் இருட்டாகத்தான் இருக்கும். தலைக்கு நேர் மேலே பிரகாசமாக நிற்பது சுவாதி. அதற்குத் தெற்கே சித்திரை, தென்கிழக்கில் சிவப்பாகக் கேட்டை. மைதானத்தில் மாலையில் பார்த்தவை எல்லாம் மறைந்து வேறு கூட்டம் வந்திருக்கும். பஸ் ஏறும் வரிசையில் நிற்கும்போதே காட்டிவிடலாம்.

காலைச் சாப்பாட்டுக்கு மதுராந்தகம் பக்கம் 7.15 வாக்கில் நிறுத்துங்கள். கழிப்பறை சுத்தமாக இருக்கும் பெட்ரோல் பங்கையோ ஓட்டலையோ முன்பே விசாரித்து வையுங்கள். டிரைவர் தனக்குப் பழக்கமான கடையில் நிறுத்தப் பார்ப்பார். அந்தக் கடையில் அவருக்குச் சாப்பாடு இலவசமாக இருக்கலாம், பிள்ளைகளுக்குக் கழிப்பறை இருக்காது. அரை மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு முறை பஸ் ஏறிய பிறகும் எண் சொல்லல். 'எல்லாரும் வந்தாச்சு சார்' என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

காட்சிக்கூடங்களில் எல்லாவற்றையும் பார்க்க முயன்றால் ஒன்றும் பார்த்ததாக இருக்காது. குழுவுக்கு இரண்டு கூடங்களை ஒதுக்கி, பொத்தானை அழுத்தியும் பிடியைச் சுழற்றியும் அவர்களாகவே பார்க்க விடுங்கள். பாட நோட்டை எடுத்து அட்டையில் உள்ளதை எல்லாம் எழுதச் சொல்வது ஒரு கொடுமை. நூறு பிள்ளைகள் தலைகுனிந்து எழுதிக்கொண்டு நிற்பதைப் போன முறையும் பார்த்தேன். கண்ணெதிரே சுழன்றுகொண்டிருந்த கருவியை அவர்களில் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

கூரைக்கடியில்

வரிசை அமைப்பைக் கதவுக்கு வெளியிலேயே முடித்துவிடுங்கள். பேசிக்கொண்டே இருக்கும் நண்பர்களைப் பிரித்து நிறுத்தி, ஒவ்வொரு வரிசையின் ஓரத்திலும் ஒரு ஆசிரியர். முன் வரிசைக்கு ஓட வேண்டாம். அரைக்கோளத் திரையில் நடுவிலும் பின்னாலும் உட்காருபவர்களுக்குத்தான் கூரை முழுதும் ஒரே பார்வையில் அடங்கும். முன்னால் உட்கார்ந்தால் கழுத்துதான் வலிக்கும்.

செல்போன் எல்லாம் அணைந்திருக்க வேண்டும், ஆசிரியர்களுடையதும்தான். இருட்டில் ஒரு திரை மினுங்கினால் சுற்றியுள்ள இருபது பேரின் கண்ணும் கெட்டுவிடும். தின்பண்டம் கூடாது. இருட்டுக்குப் பயப்படும் பிள்ளை யார் என்று உங்களுக்குத் தெரியும், அவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கூரை முழுவதும் படம் நகரும்போது நாற்காலியே பறப்பதுபோல் இருக்கும். பஸ்ஸில் வாந்தி எடுத்த பிள்ளைகளுக்கு இங்கேயும் தலை சுற்றலாம். கண்ணை மூடிப் பத்து எண்ணினால் சரியாகிவிடும் என்று முன்பே சொல்லி வையுங்கள், எழுந்து ஓட மாட்டார்கள்.

காட்சி ஓடும்போது நீங்கள் விளக்கம் சொல்லாதீர்கள். 'பார், பார், அதுதான் நான் சொன்னது' என்று கிசுகிசுக்கும் ஆசிரியர் எல்லாக் குழுவிலும் ஒருவர் உண்டு.

வெளியே வந்ததும் நேராகச் சாப்பாடு. துருவ நட்சத்திரம் எங்கே இருந்தது என்ற கேள்வியை அப்போது போடுங்கள். சண்டை போட்டுக்கொண்டு பதில் சொல்வார்கள், அது போதும். கட்டுரை கேட்பதாக இருந்தால் அடுத்த வாரம் கேளுங்கள்.

மதியத்துக்கு மேல்

சாப்பிட்டு முடிக்க 2 மணி. அங்கிருந்து 4 மணி வரை ஒரே ஒரு இடம். நூலகமா, பூங்காவா என்று முன்பே முடிவு செய்திருக்க வேண்டும்.

நான் நூலகத்தைத்தான் சொல்வேன். அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010 செப்டம்பரில் திறந்தது, ஒன்பது மாடி. முதல் மாடியில் குழந்தைகளுக்கென்றே ஒரு பெரிய பகுதி இருக்கிறது. நம் பள்ளியில் நூலகம் என்றால் பூட்டிய ஒரு பீரோ. அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, யாரையும் கேட்காமல் கைநீட்டி ஒரு புத்தகத்தை எடுக்கலாம் என்பதே புது அனுபவம். தரைத்தளத்தில் பார்வையற்றோருக்கான பிரெய்ல் பிரிவும் உண்டு. குழுவாக வருவதை இங்கேயும் முன்கூட்டியே கடிதம் கொடுத்துச் சொல்லிவிடுங்கள். பைகளை உள்ளே விட மாட்டார்கள், பஸ்ஸிலேயே வைத்துவிட்டு இறங்குவது நேரம் மிச்சம்.

பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தால், அல்லது ஏற்கெனவே சோர்ந்திருந்தால், பூங்கா. ஓடியாடட்டும். மெரினா கேட்டுக் கெஞ்சுவார்கள். கெஞ்சட்டும். நாற்பத்தைந்து பிள்ளைகளையும் அலையையும் ஒரே நேரத்தில் பார்த்துக்கொள்ள நான்கைந்து ஆசிரியர்களால் முடியாது.

4 மணிக்குப் பஸ் கிளம்பிவிட வேண்டும். 5 மணி ஆனால் கிண்டியிலேயே இருட்டிவிடும். 4 மணிக்குக் கிளம்பினால், வழியில் ஒரு டீ நிறுத்தத்தோடு 8 மணிக்குள் ஊர். மேல்மருவத்தூர் வந்ததும் பெற்றோர் குழுவுக்குச் செய்தி போடுங்கள். ஆறு மணியிலிருந்தே பள்ளி வாசலில் நின்று கொசுக்கடி படாமல் இருப்பார்கள். அழைத்துப் போக ஆள் வராத பிள்ளை யாரையும் 'பக்கத்து வீட்டு அண்ணனோடு போ' என்று அனுப்பக் கூடாது. கடைசிப் பிள்ளை போகும் வரை பொறுப்பாசிரியர் அங்கேயே இருக்க வேண்டும், இன்னொரு ஆசிரியரும் கூட இருக்க வேண்டும்.

மறுநாள்

ரசீதுகளை அடுக்கி வரவு செலவை ஒரே பக்கத்தில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். மிஞ்சிய பணம் தலைக்கு முப்பது ரூபாயாக இருந்தாலும் பெற்றோரைக் கூப்பிட்டுத் திருப்பிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். கோளரங்கத்துக்கு ஒரு நன்றிக் கடிதம், பிள்ளைகள் கேட்டுப் பதில் கிடைக்காத கேள்விகளில் இரண்டு மூன்றைச் சேர்த்து. டிரைவரின் எண்ணை அடுத்த ஆண்டுக்காகக் குறித்து வையுங்கள். நல்லவர் என்றால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு டிக், இல்லையென்றால் ஏன் என்று ஒரு வரி.